பிள்ளைக்கு டெங்கு என்றதும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பி.எச்.ஐ.) ஏன் வீட்டுக்கு வருகிறார்?

களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார்: "பிள்ளை டெங்குக் காய்ச்சலோடு வார்டில் இருக்கும்போது பி.எச்.ஐ. வீட்டுக்கு வந்து விசாரித்தார். யாரும் எங்கள்மேல் முறைப்பாடு செய்தார்களா?"

இல்லை அக்கா, பயப்படாதீர்கள். டெங்கு, சின்னமுத்து, கக்குவான் போன்ற நோய் என்று சந்தேகம் வந்தாலே, இரத்தப் பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் டாக்டர் அறிவித்தல் படிவம் நிரப்ப வேண்டும். இது இலங்கையில் 1897ஆம் ஆண்டிலிருந்து இருக்கும் சட்டம். படிவம் நீங்கள் வசிக்கும் பகுதியின் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் போகும். அங்கிருந்துதான் பி.எச்.ஐ. வருகிறார். வாராவாரம் அந்தக் கணக்கு கொழும்பிலுள்ள தொற்றுநோயியல் பிரிவுக்கும் போய்ச் சேரும். மாரி மழையோடு இங்கே டெங்கு கூடும்போது எந்தக் கிராமத்தில் முதலில் புகை அடிப்பது என்பதை இந்தக் கணக்கை வைத்தே முடிவெடுக்க முடியும்.

அதனால் விலாசம் மிக முக்கியம். நுளம்பு கடித்து 4 முதல் 10 நாளில்தான் காய்ச்சல் வரும். அந்த நாட்களில் பிள்ளை கல்முனையில் அப்பப்பா வீட்டில் நின்றிருந்தால், தயவுசெய்து அதையும் சொல்லுங்கள். இல்லாவிட்டால் தேட வேண்டிய வளவை விட்டுவிட்டு வேறெங்கோ தேடுவார்கள்.

கர்ப்பிணிகளுக்கும் இப்படித்தான். கிளினிக்கில் பதிந்ததும் எச்.ஐ.வி., சிபிலிஸ் இரண்டுக்கும் இரத்தம் பார்ப்பார்கள். சந்தேகப்பட்டு அல்ல, எல்லாத் தாய்மாருக்கும். இவை தாயிலிருந்து பிள்ளைக்குத் தொற்றுவதை இலங்கை ஒழித்துவிட்டதாக 2019இல் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. அதில் வீடு வீடாக நடக்கும் நம் மருத்துவமாதுகளின் உழைப்பு நிறைய.