3.5 கிலோ இலத்திரன்வோல்ட் கோடு: கொழும்பிலிருந்து ஆராய முடியுமா?

வெள்ளவத்தையிலிருந்து ஒரு தந்தை கேட்கிறார்: "பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் பயிலும் என் மகள், பேரடைக் கொத்துகளிலிருந்து வரும் புதிரான எக்ஸ் கதிர்களைத் தன் இறுதியாண்டு ஆய்வுக்கு எடுக்க விரும்புகிறாள். அவை, ஒளியை உமிழாத, கண்ணுக்குப் புலப்படாத கரும்பொருளின் தடயம் என்கிறாள். தொலைநோக்கி எதுவுமின்றி இங்கிருந்தே செய்ய இயலுமா?"

இயலும். எக்ஸ் கதிர்களை வளிமண்டலம் உறிஞ்சிவிடுவதால் இத்துறையில் எவருக்கும் தரைத் தொலைநோக்கி உதவாது. ஐரோப்பிய விண்வெளி முகவரகம் 1999இல் ஏவிய எக்ஸ்எம்எம்-நியூட்டன் செய்மதியின் பதிவுகளும் அவற்றைப் பகுக்கும் மென்பொருளும் இலவசமாகக் கிடைக்கின்றன. லினக்ஸ் நிறுவிய ஒரு மடிக்கணினியும் தாராளமான சேமிப்பிடமும் இருந்தால் தொடங்கலாம்.

கடினம் வேறிடத்தில் இருக்கிறது. 2014இல், 73 கொத்துகளின் பதிவுகளை ஒன்றுசேர்த்த ஒரு குழுவும், பேர்சியஸ் கொத்தையும் அந்திரொமீடா பேரடையையும் ஆராய்ந்த மற்றொரு குழுவும், ஏறத்தாழ 3.5 கிலோ இலத்திரன்வோல்ட் (கதிரின் சக்தியை அளக்கும் அலகு) சக்தியில், தெரிந்த மூலகக் கோடுகளால் விளக்க முடியாத மெல்லிய கோடொன்றை, அதாவது ஒரு குறிப்பிட்ட சக்தியில் மட்டும் கூடுதலாக வரும் கதிரை, கண்டதாக அறிவித்தன. மலட்டு நியூத்திரினோ என்னும் கருதுகோள் துணிக்கை மிக அரிதாகச் சிதையும்போது அதன் நிலைச்சக்தியில் பாதியைப் போட்டன் (ஒளித்துணிக்கை) ஒன்று கொண்டுசெல்லும் என்பதால், சுமார் 7 கிலோ இலத்திரன்வோல்ட் திணிவுடைய அத்துணிக்கையே கரும்பொருளாக இருக்கலாம் என்ற எதிர்பார்ப்பு எழுந்தது. ஆனால் அக்கோடு, எல்லாச் சக்திகளிலும் தொடர்ச்சியாக வரும் பின்னணிக்கு மேல் ஏறத்தாழ ஒரு சதவீதமே உயர்ந்து நிற்கிறது. அச்செய்மதியின் உணரிகளோ 100 இலத்திரன்வோல்ட் அளவுக்குக் கோடுகளை அகலப்படுத்திவிடுகின்றன. பெரும்பாலான இலத்திரன்களை இழந்த பொற்றாசிய அணுக்கள் 3.47, 3.51 ஆகிய இடங்களிலேயே ஒளிர்கின்றன. கொத்தில் சற்றுக் குளிர்ந்த வாயு எவ்வளவு உண்டு என்ற கணிப்பு பிழைத்தால், பொற்றாசியத்தின் ஒளி கரும்பொருளின் ஒளியாகத் தோன்றிவிடும்.

பின்வந்த அவதானிப்புகளும் சாதகமாக இல்லை. ஏறத்தாழ 5 இலத்திரன்வோல்ட் வரை பிரித்தறிந்த யப்பானின் ஹிட்டோமி செய்மதி, 2016 மார்ச்சில் செயலிழப்பதற்கு முன் பேர்சியஸைப் பார்த்தது. முன்பு கூறப்பட்ட பிரகாசத்தில் கோடு அங்கே இல்லை. நம் பால்வெளியைச் சூழ்ந்த கரும்பொருளில் தேடிய 2020ஆம் ஆண்டு ஆய்வும் எதையும் காணவில்லை, அதன் பகுப்பு முறை விவாதத்துக்குள்ளானபோதிலும். கரும்பொருள் விளக்கம் வெகுவாக வலுவிழந்துவிட்டது என்பதே என் கணிப்பு.

ஆகவே "கரும்பொருளைக் கண்டுபிடித்தல்" என்று தலைப்பிட வேண்டாம். "பின்னணி மாதிரியை மாற்றினால் கோட்டின் வலு எவ்வளவு மாறுகிறது" என்று கேட்கட்டும். பேர்சியஸையே எடுக்கலாம்: டிசம்பர் இரவுகளில் கொழும்பின் வடவானில் அல்கோல் விண்மீனுக்கு இரண்டு பாகை கிழக்கே, வெறுங்கண்ணுக்குத் தெரியாமல், அக்கொத்து இருக்கிறது. முதலில் இரும்பின் 6.7 கிலோ இலத்திரன்வோல்ட் கோட்டை அவர் மீட்டெடுக்க வேண்டும். கொத்து நம்மைவிட்டு விலகுவதால் கதிரின் சக்தி குறையும் செம்பெயர்ச்சியால் அது 6.58 அருகே தென்பட்டால் அவருடைய அளவுத்திருத்தம் சரி. தேடும் கோட்டின் மூலச் சக்தி 3.55 எனில், அதே பெயர்ச்சியின்படி அது 3.49 ஆகிவிடும். எந்தச் சக்தி வீச்சைப் பொருத்துவது, எந்த மூலகங்களைச் சேர்ப்பது என்பவற்றை அப்பகுதியைப் பார்ப்பதற்கு முன்பே எழுதிவைக்கட்டும், ஏனெனில் பார்த்த பிறகு தெரிவுசெய்தால் விரும்பிய கோடு எளிதில் வந்துவிடும். கோடு கிடைக்காவிட்டால், அதன் பிரகாசத்துக்கான மேல் எல்லையை வெளியிடலாம். ஆய்வேட்டுக்கு அது முழுமையான முடிவே.