மரப்பெட்டியா, அலுமினியப் பெட்டியா? விசைப்பலகைக் கணினிக்கு வீட்டில் பெட்டி செய்வோர் கவனிக்க வேண்டியவை

கேள்வி: திருகோணமலை, உவர்மலையில் வசிக்கிறோம். சாதாரண தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல் படிக்கும் மகனுக்காக ராஸ்பெரி பை 4 என்ற, ஒற்றைப் பலகையில் அடங்கிய சிறு கணினி மின்பலகை ஒன்றை வாங்கியிருக்கிறேன். அதையும் விசைப்பலகையையும் ஒரே மரப்பெட்டிக்குள் அடக்கித் தருவதற்குத் தெரிந்த ஓடாவியார் ஒருவர் உடன்பட்டிருக்கிறார். ஆனால் மின்பலகையை வரவழைத்துத் தந்தவரோ, மரம் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்றும், அலுமினியப் பெட்டியே நல்லது என்றும், பழைய மடிகணினி விசைப்பலகையொன்றைப் பொருத்தித் தூசு புகாதபடி ஒட்டி மூடித் தானே தருவதாகவும் சொல்கிறார். வீடு கடலுக்கு அருகில் இருக்கிறது. நான் எதைத் தெரிவு செய்வது?

பதில்: ஓடாவியாரிடமே கொடுங்கள். மரம் சூட்டை எளிதில் கடத்தாது என்பது உண்மைதான். ஆனால் உள்ளேயிருக்கும் சிப் பெட்டியின் உலோகத்தைத் தொடாதவரை அலுமினியச் சுவராலும் பெரிய பயன் எதுவும் கிடையாது. அடியில் நுழைந்து பின்புறத்தின் மேல்விளிம்பில் வெளியேறும் காற்றுத்தான் சூட்டைக் கொண்டுபோக வேண்டும். மின்பலகையைத் தயாரிப்பவர்களே 2020 நவம்பரில் ராஸ்பெரி பை 400 என்ற பெயரில் விசைப்பலகைக்குள் அடங்கிய கணினியை வெளியிட்டபோது, உள்ளே அகலமான உலோகத் தகடொன்றைச் சிப்பின் மீது படிய வைத்துவிட்டு, வெளிக்கூட்டைப் பிளாஸ்டிக்கில்தான் செய்தார்கள். நீங்கள் சிப்பின் மேல் ஒட்டும் சிறிய சூடு தணிக்கும் தகடு ஒன்றை வாங்கி ஒட்டி, காற்றுக்கு வழி விட்டு, பெட்டியின் அடியில் விரல் தடிப்புக்கு ரப்பர்க் கால்கள் வைத்தால், பாடசாலை வேலைக்கு அது போதும். 80 பாகை செல்சியசை எட்டியதும் இந்தச் சிப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஆகவே எரிந்துவிடும் என்று உங்களைப் பயமுறுத்துபவரை நம்ப வேண்டாம்.

அலுமினியப் பெட்டியில் இன்னொரு வில்லங்கம் இருக்கிறது. வை-ஃபை வாங்கி, அதாவது அன்டெனா, மின்பலகையிலேயே, மெமரி கார்ட் செருகும் முனைக்குப் பக்கத்து மூலையில் பதிக்கப்பட்டிருக்கிறது. அதைச் சுற்றி உலோகத்தால் மூடினால் அலை உள்ளே வராது. அடுத்த அறையிலிருக்கும் ரவுட்டர்கூடத் தொலைதூரத்தில் இருப்பது போலாகிவிடும். இதற்கு ஒரேயொரு விதிவிலக்கு உண்டு. அதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் தரகர்மார் இதைத்தான் பாதியாகச் சொல்லி விற்கிறார்கள். ரவுட்டரிலிருந்து கேபிள் இழுத்து நேரடியாகச் செருகுவதாக இருந்தால், வை-ஃபையையும் புளூடூத்தையும் ஒருநாளும் பயன்படுத்தப் போவதில்லை என்றால், அலுமினியப் பெட்டி தாராளமாகச் செய்யலாம். அப்போதும், மின்பலகையின் அடிப்பக்கத்தில் ஈயப்பற்று முனைகள் துருத்திக்கொண்டிருப்பதால், அது பெட்டியின் தரையிலிருந்து குறைந்தது 5 மி.மீ. உயர்ந்து நைலோன் தண்டுகளின் மேல் நிற்க வேண்டும். தரையில் ஒரு பிளாஸ்டிக் தாளும் விரிக்க வேண்டும். பித்தளைத் திருகாணியை அலுமினியத்தோடு சேர்க்கக் கூடாது. உப்புக்காற்றில் இவ்விரண்டும் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் அரித்து வெள்ளை மாவாக உதிரும். மகன் ஒரே மேசையில், ஒரே கேபிளோடு இருந்து படிப்பார் என்று உங்களால் உறுதி சொல்ல முடிந்தால் மட்டுமே இவ்வளவு சிரமமும் தகும். பதினாறு வயதுப் பிள்ளை அப்படி இருந்ததை நான் பார்த்ததில்லை.

இனி, அந்த மடிகணினி விசைப்பலகை. அதை வாங்கவே வேண்டாம். மடிகணினியிலிருந்து கழற்றிய விசைப்பலகையின் முனையில் இருப்பது தாள்போன்ற மெல்லிய நாடா. அது தான் கழற்றப்பட்ட மடிகணினியின் பலகைக்கு மட்டுமே பொருந்தும். இடையில் தனியான கட்டுப்பாட்டுச் சுற்றொன்றை வைத்து, எந்தக் கம்பி எந்த விசைக்கு என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தால்தான் அது வேலை செய்யும். விசைப்பலகையை மலிவாகக் காட்டி விற்றுவிட்டு, பிறகு அந்தச் சுற்றுக்குத் தனியே பணம் கேட்பது இந்த வியாபாரத்தில் பழைய தந்திரம். கடையில் யூ.எஸ்.பி. வால் உள்ள சிறிய விசைப்பலகையை வாங்குங்கள். இலக்கப் பகுதி இல்லாத சிறிய வகையில் முழு அளவு விசைகள் வரிசைக்குப் பதினைந்து விசை அகலம் வரும். விசைக்கு விசை 19.05 மி.மீ. என்பதால் மொத்தம் 286 மி.மீ. அளவாகும். இலங்கையில் வழங்கும் ரெங்கநாதன் விசை அமைப்பு முறைத் தமிழ் எழுத்துகள் பொறித்தது கிடைத்தால் மிகவும் நல்லது.

ஒட்டி மூடித் தருகிறேன் என்ற வாக்குறுதிக்கு ஒரே பொருள்தான்: ஒவ்வொரு பழுதுக்கும் நீங்கள் அவரிடமே போக வேண்டும். மெமரி கார்ட் பழுதாகும், விசைகளுக்குள் தேநீர் கொட்டும், சூடு தணிக்கும் தகடு கழன்று விழும். எனவே, அடித்தட்டு நான்கு திருகாணிகளில் கழன்று வர வேண்டும். கார்டைப் பெட்டியைத் திறக்காமலே வெளியே இழுக்கக்கூடியதாக ஒரு வெட்டு விட வேண்டும். இந்த இரண்டையும் ஓடாவியாரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். மின்பலகையை வரவழைத்துத் தந்தவரிடம் பற்றுச்சீட்டு வாங்கியிருக்கிறீர்களா? வை-ஃபை உள்ள ஒரு சிறு பலகை, கம்பியில்லாத் தொடர்புச் சாதனம் என்ற பெயரில் சுங்கத்தில் பொதியோடு முடக்கப்படுவதும், ஒரு மாணவன் படிக்கும் பொருளுக்குப் பெற்றோர் கடிதத்துக்கு மேல் கடிதமாக அலைவதும்தான் இத்தகைய இடைத்தரகர்களை வளர்த்துவிட்டிருக்கின்றன. நடைமுறை நேராக இருந்தால், "கிளியரன்ஸ் செலவு" என்று கையெழுத்தில் எழுதிய துண்டுக்கு நாம் பணம் கொடுத்துக்கொண்டிருக்க மாட்டோம்.

பெட்டி வேலையில் பலரும் பிழைவிடும் இடம் துவாரங்கள்தான். மின்பலகை 85 மி.மீ. நீளமும் 56 மி.மீ. அகலமும் கொண்டது, திருகாணித் துளைகளின் இடைவெளி 58 மி.மீ., 49 மி.மீ.; திருகாணி எம் 2.5 அளவு. ஓடாவியார் இவற்றைக் குறித்துக்கொள்வார். ஆனால் மின்சாரம் செருகும் யூ.எஸ்.பி.-சி முனையின் உலோக நாக்கு 7 மி.மீ.க்கும் குறைவான நீளம் கொண்டது. அரை அங்குலப் பலகையில் வாயளவுக்குத் துளையிட்டால், பிளக்கின் தடித்த பிளாஸ்டிக் உடல் வெளியே முட்டிக்கொள்ளும், நாக்கு உள்ளே எட்டாது. ஆகவே துவாரங்கள் வரும் இடத்தில் பின்சுவரை உளியால் உட்புறமாகக் குடைந்து 2 மி.மீ. தடிப்புக்குக் கொண்டுவர வேண்டும், அல்லது அந்தத் துண்டை மட்டும் வெட்டி நீக்கி மெல்லிய பிளாஸ்டிக் தகடொன்றைத் திருகாணியால் பூட்ட வேண்டும். பிந்தியதே எளிது. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய யூ.எஸ்.பி. வாய்கள் மின்பலகையிலிருந்து ஏறத்தாழ 16 மி.மீ. உயர்ந்து நிற்பதால், பெட்டி முன்பக்கம் தாழ்ந்து பின்பக்கம் உயர்ந்திருக்க, மின்பலகை பின்பக்கத்தில் வர வேண்டும். மரத்தில் வாள் வைக்குமுன் பிஸ்கட் பெட்டி மட்டையில் முழுப் பெட்டியையும் வெட்டி ஒட்டி, எல்லாக் கேபிள்களையும் செருகிப் பாருங்கள்.

மரத்தைப் பொறுத்தவரை, முதிரையும் பாலையும் அழகானவை, ஆனால் மடியில் வைக்கும் பொருளுக்குப் பாரம். மலைவேம்பு போதும். நம் ஊரில் கச்சான் காற்றடிக்கும் மாதங்களில் மரம் சுருங்கும், ஐப்பசிக்குப் பின் வாடை மழையில் ஊதும். இந்த அசைவு இழைக்குக் குறுக்காகவே நிகழும், நீளத்தில் மிகச் சொற்பம். எனவே மேல்தட்டின் இழை விசைப்பலகையின் நீளப்பாட்டில் ஓட வேண்டும், அடித்தட்டின் திருகாணித் துளைகள் குறுக்குப்பாட்டில் சற்று நீள்வட்டமாக இருக்க வேண்டும். சாதாரண இரும்புத் திருகாணி கடற்கரையில் துருவேறி மரத்தையும் கறுக்கவைக்கும், ஸ்டெயின்லெஸ் வாங்குங்கள். பெயர்ப்பலகைக் கடைகளில் கிடைக்கும் பி.வி.சி. நுரைத்தட்டை லேசரில் வெட்டித் தருவதாக யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். பி.வி.சி. லேசரில் எரியும்போது ஹைட்ரஜன் குளோரைட் வாயு வெளிவரும். அது நுரையீரலையும் இயந்திரத்தையும் சேர்த்துக் கெடுக்கும். முப்பரிமாண அச்சில் செய்து தரும் பெட்டிகளும் பெரும்பாலும் பி.எல்.ஏ. பிளாஸ்டிக்கே, அது 60 பாகை அளவிலேயே இளகும், ஆகவே வெயிலில் நிறுத்திய வாகனத்துக்குள் வைத்தால் வளைந்துவிடும். அதற்கான வரைபடங்கள் இணையத்தில் இலவசமாகவே கிடக்கின்றன, காசுக்கு வாங்காதீர்கள்.

எக்காரணம் கொண்டும் 230 வோல்ட் மின்கம்பியைப் பெட்டிக்குள் கொண்டுபோக விடக் கூடாது. கைப்பேசி மின்னேற்றியின் கூட்டை உடைத்து உள்ளிருப்பதைப் பெட்டிக்குள் பதித்து, "வெளியில் எதுவும் தொங்காது, பார்க்க வடிவாக இருக்கும்" என்று செய்து கொடுக்கிறார்கள். பிள்ளை நாள் முழுதும் கை வைத்திருக்கும் பொருளுக்குள் அது இருக்கலாகாது. 5 வோல்ட், 3 அம்பியர் தரும் சரியான மின்னேற்றி சுவரிலேயே இருக்கட்டும். திரையின் மூலையில் மின்னல் குறி தோன்றினால் மின்னேற்றியோ கேபிளோ போதாது என்று பொருள். அதற்காகப் பெட்டியைத் திறக்க வேண்டியதில்லை. பழைய மடிகணினி மின்கலங்களை உள்ளே அடைக்கும் யோசனைக்கும் இதே பதில்தான்.

வார்னிஷ் பூசுவதைக் கடைசிக்கு விடுங்கள். பெட்டி பூட்டியதும், ஒரு நாள் பிற்பகல் வெக்கையில், மின்விசிறி இல்லாத அறையில், ஒரு மணி நேரம் காணொளி ஓடவிட்டு, திரையில் வெப்பநிலை காட்டும் சிறு கருவியைப் பாருங்கள். 70 பாகைக்குள் நின்றால் ஓடாவியாருக்கு மீதிக் கூலியைக் கொடுத்துவிடலாம். 80ஐ நெருங்கினால், அடித்தட்டில் சிப்புக்கு நேர்கீழாக இன்னொரு வரிசைத் துளையிடச் சொல்லி மறுபடியும் ஓடவிட்டுப் பார்த்து, அதன் பிறகே வார்னிஷ் பூசச் சொல்லுங்கள்.