வாசகர் கேள்வி – பதில்: கைகழுவும் இடத்தில் தொடங்கும் மொழி

முன்பள்ளி ஆசிரியை, கோப்பாய்: அவுஸ்திரேலிய ஆதிக்குடிகள் தங்கள் மொழியை மீட்கச் சின்னப் பிள்ளைகளுக்கு ‘மொழிக்கூடு’ நடத்துகிறார்களாம். மொழி தெரிந்தவர்கள் ஒருசில முதியவர்கள்தான் என்றால் வகுப்பை யார் நடத்துவது?

பதில்: மொழிக்கூடு, நியூசிலாந்தின் மவோரி மக்கள் 1982இல் தொடங்கிய முறை. முன்பள்ளியில் முழு நாளும் மவோரியில்தான் கதைப்பார்கள். சரளமாகக் கதைக்கும் பாட்டிமார் அங்கே இருந்தார்கள், அதனால் சரிவந்தது. மேற்கு அவுஸ்திரேலியாவின் குனுனுராவில் மிரிவூங் மக்களின் மொழி நிலையம் 2014இல் கூடு தொடங்கியபோது அப்படிப்பட்டவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவர்களே. எனவே இளம் மொழிப் பணியாளர்கள் முதியவர்களிடம் கற்றுக்கொண்டு, முன்பள்ளிகளுக்குப் போய்ப் பிள்ளைகளோடு கதைக்கிறார்கள். முடிச்சு இருப்பது பிள்ளைகளிடம் அல்ல, நடுவில் நிற்கும் இந்த வளர்ந்தவர்களிடம்.

ஆகவே முதல் வேலை ஒரு முதியவரையும் ஓர் இளையவரையும் சோடி சேர்ப்பது. இருவரும் சமைக்கலாம், மீன் பிடிக்கலாம், சும்மா நடக்கலாம். ஆங்கிலம் மட்டும் கூடாது. சொல் வராவிட்டால் சைகை. கலிபோர்னியாவில் உருவான இந்த முறையில் கிழமைக்குப் பத்து முதல் இருபது மணி நேரம் வேண்டும் என்பார்கள். மாதம் ஒருமுறை கூட்டம் வைத்துச் சொற்பட்டியல் எழுதினால் கொப்பிதான் நிறையும்.

வகுப்பில் நிறம், எண், மிருகம் என்று தொடங்காதீர்கள். பெரும்பாலானவர்கள் அப்படித்தான் தொடங்குகிறார்கள். வருட முடிவில் பிள்ளை கங்காருவுக்குப் பெயர் சொல்லும், ஒரு வசனம் சொல்லாது. ஓர் இடத்தைத் தெரிவுசெய்யுங்கள். கைகழுவும் இடம் நல்லது: ‘வரிசையில் வா’, ‘கையை நனை’, ‘சவர்க்காரம் போடு’, ‘பைப்பைப் பூட்டு’, ‘துடை’. ஐந்தே வசனம். முதியவர் சொல்ல ஒலிப்பதிவு செய்து, பணியாளர்கள் ஒரு கிழமை தங்களுக்குள் பழக வேண்டும். எழுதிய தாளைப் பைப்புக்கு மேலே வளர்ந்தவரின் கண்மட்டத்தில் ஒட்டலாம். அது பிள்ளைக்கு அல்ல, மறந்துபோகும் ஆசிரியைக்கு. குறித்த திங்கட்கிழமை முதல் அந்த இடத்தில் ஆங்கிலம் இல்லை. பிள்ளை ஆங்கிலத்தில் பதில் சொன்னால் திருத்த வேண்டாம், அதையே ஆதிக்குடி மொழியில் திருப்பிச் சொன்னால் போதும். எல்லோருக்கும் வாயில் வந்த பிறகு சாப்பாட்டு மேசைக்குப் போகலாம்.

பிழை வருவது எங்கே? ஆதிக்குடி மொழியில் சொல்லிய கையோடு ஆங்கிலத்திலும் சொல்வது முதலாவது. பிள்ளை கெட்டி, இரண்டாவதுக்காகக் காத்திருக்கப் பழகிவிடும். அடுத்தது, கட்டளைகளை மட்டும் கற்பிப்பது. பிள்ளைக்குச் சொல்ல ஒன்றுமே இராது, கீழ்ப்படிவதோடு சரி. ‘எனக்கும் தா’, ‘இன்னும் வேணும்’, ‘அவன் என்னைத் தள்ளிவிட்டான்’ ஆகியவற்றை முதல் மாதமே கொடுங்கள். கோள் சொல்ல எந்தப் பிள்ளைக்கும் தூண்டுதல் தேவையில்லை!

இன்னொன்று, காது. ஆதிக்குடிப் பிள்ளைகளிடையே நடுக்காது அழற்சி அதிகம்; நெருங்கிய ஒலிகள் பிரிந்து கேட்காது. சிறு குழுவாக, ஆசிரியையின் வாய் தெரியும்படி எதிரே இருத்துவது அதனால்தான்.

ஒலிப்பதிவுக்கு முன் அனுமதியை எழுத்தில் வாங்குவார்கள். இறந்தவரின் பெயரையோ குரலையோ குறித்த காலம் தவிர்க்கும் வழக்கம் பல சமூகங்களில் உண்டு. அந்தக் காலத்தில் பதிவை என்ன செய்வது என்பதையும் அதிலேயே எழுதுவது நல்லது.

வாசகர், சாவகச்சேரி: அவுஸ்திரேலிய ஆதிக்குடிகள் பேசுவது பழந்தமிழ் என்று வட்ஸ்அப்பில் வருகிறதே?

பதில்: இல்லை. ‘ஆதிக்குடி மொழி’ என்று ஒன்றே கிடையாது. ஐரோப்பியர் குடியேறிய 1788இல் 250க்கு மேற்பட்ட மொழிகள் இருந்தன. பிள்ளைகள் இயல்பாகப் பழகிக்கொள்ளும் அளவுக்கு வலுவாக இருப்பவை இன்று ஏறத்தாழ 12. கால்டுவெல் 1856இல் தன்மைப் பெயர்களை ஒப்பிட்டு ஓர் உறவை ஊகித்தார். பின்வந்த மொழியியலாளர் ஏற்கவில்லை. நாவை வளைக்கும் ஒலிகள் அங்கும் உண்டு, pa–ba ஒலி வேறுபாடு பெரும்பாலும் இல்லை. இந்த ஒற்றுமை உண்மை. அது உறவுக்குச் சான்றாகாது.

அம்மம்மா ஒருவர், காரைநகர்: அடிலெய்டில் என் பேரன் முன்பள்ளியில் கௌர்னா என்ற ஆதிக்குடி மொழியில் பாட்டுப் படிக்கிறான். அந்த மொழி அழிந்துவிட்டதாம். பிறகு எங்கிருந்து வந்தது? அவனுடைய தமிழ் குழம்பாதா?

பதில்: சரளமாகப் பேசிய கடைசிப் பெண்மணி என்று கருதப்படும் இவரிட்ஜி 1929இல் காலமானார். ஆனால் டைக்கல்மன், ஷூர்மன் என்ற இரு ஜேர்மன் மிஷனரிமார் 1840இல் இலக்கணமும் ஏறத்தாழ 2,000 சொற்களும் அச்சிட்டிருந்தார்கள். 1990களிலிருந்து கௌர்னா மக்கள் மொழியியலாளரோடு சேர்ந்து மீட்டது அதிலிருந்துதான். இல்லாத சொற்களைப் பழைய வேர்களிலிருந்து ஆக்குகிறார்கள்; கணினிக்கு மூளையையும் மின்னலையும் சேர்த்து ‘முகர்ண்டு’. மிஷனரிமார் பத்துக் கட்டளைகளைத்தான் மொழிபெயர்த்தார்கள், தொட்டில் பேச்சை அல்ல. குழந்தையோடு கொஞ்சும் வசனங்களுக்குத்தான் இன்று உழைப்பு அதிகம்.

தமிழ் குழம்பாது. கௌர்னாவிலும் ண, ள போன்ற ஒலிகள் உண்டு. ஆங்கிலம் மட்டும் கேட்கும் பிள்ளையைவிடப் பேரனுக்கு அவை இலகு. தமிழ் தேய்ந்தால் காரணம் வீட்டில் தமிழ் கேட்கும் நேரம் குறைவதே. தொலைபேசியில் அவனோடு தமிழிலேயே கதையுங்கள். அந்தப் பாட்டை நீங்கள் தமிழாக்கி வெளியிட விரும்பினால், கௌர்னா வர்ரா பின்ட்யாந்தி என்ற அவர்களுடைய மொழிக்குழுவிடம் முதலில் கேட்க வேண்டும்.