55 கிலோவும் பத்து அடியாட்களும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பெண் நாயகியாக வரும் அடிதடிப் படங்கள் எனக்கு ஒட்டுவதில்லை. 55 கிலோ இருக்கும் ஒருத்தி பத்து அடியாட்களைப் பறக்கவிடுகிறாள். இதைச் சொன்னால் ஆணாதிக்கம் என்கிறார்கள். குறை என் பார்வையிலா, படத்திலா?

கே., திருச்சி

அன்புள்ள கே.,

பெரும்பாலும் படத்தில்தான். (70 கிலோ நாயகன் அதையே செய்யும்போது நீங்கள் தராசைத் தேடுவதில்லை என்பது வேறு விஷயம்.)

நாயகனுக்கு அமைத்த சண்டையை அப்படியே நாயகிக்கும் கொடுத்துவிடுகிறார்கள். நேராக ஒரு குத்து; ரோப் கட்டிய ஃபைட்டர் பின்னால் பறப்பார். குத்துகிறவரின் இடுப்பும் தோளும் திரும்பாமல் எதிராளி மட்டும் பத்தடி போனால் கண் ஏமாறாது. சினிமாக் குத்து முகத்துக்கு ஒரு சாண் தள்ளித்தான் போகும். இருவரில் ஒருவரின் முதுகுக்குப் பின்னால் கேமரா இருந்தால் அந்த இடைவெளி மறையும், பக்கவாட்டில் வைத்தால் பல்லிளிக்கும்.

உடையும் சதி செய்யும். கையில்லாத சட்டை, இறுக்கமான கால்சட்டைக்குள் முழங்கை, இடுப்பு, முழங்காலில் அடிபடாமல் காக்கும் பேடுகளை ஒளிக்க இடமில்லை. டூப்பால் பலமாக விழ முடியாது, எனவே விழுவதையே மூன்று துண்டாக வெட்டுவார்கள். ஆணுக்கு விக் வைத்து டூப் போட்டால் பின்னாலிருந்து தோள் அகலமே காட்டிக்கொடுத்துவிடும். ‘கில் பில்’லில் உமா தர்மனுக்கு டூப் போட்ட ஸோயி பெல் போன்ற பெண் ஸ்டண்ட் கலைஞர்கள் அதனால்தான் தேவை.

2017இல் வந்த ‘அட்டாமிக் பிளாண்ட்’ படத்தின் மாடிப்படிச் சண்டையைப் பாருங்கள். இயக்குநர் டேவிட் லீச் ஸ்டண்ட் கலைஞராக இருந்து வந்தவர். நாயகி சார்லீஸ் தெரோன் அதில் முஷ்டியை மட்டும் நம்புவதில்லை. முழங்கை, முழங்கால், கையில் அகப்பட்டது எல்லாமே ஆயுதம். முக்கியமாக, அவர் களைத்துப்போகிறார். கடைசியில் அடிக்கிறவரும் வாங்குகிறவரும் நிற்கவே தள்ளாடுகிறார்கள். எடை வித்தியாசத்தை மறைக்காமல் சண்டைக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டார்கள். ஒரே ஷாட் போலத் தெரியும். ஒட்டுகள் கேமரா சட்டென்று திரும்பும் இடங்களில் ஒளிந்திருக்கின்றன. பயிற்சியின்போதே தெரோனுக்கு இரண்டு பற்கள் விரிசல் விட்டன.

எடையைப் பொருட்படுத்தாத வழியும் உண்டு. 1966இல் ஹாங்காங் இயக்குநர் கிங் ஹு, நடனம் கற்ற செங் பெய்பெய்யை வாள்வீராங்கனை ஆக்கினார். அங்கே பலத்தைவிடத் தாளம்தான் பெரிது: நெடுநேரம் அசையாமல் இருந்துவிட்டு, கண்ணிமைக்கும் நேரத்தில் வீச்சு.

அடுத்தமுறை ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள். பாதிக் குத்துகளை நம்பவைப்பது பின்னால் சேர்த்த சத்தம்தான். அது இல்லாமலும் வலி தெரிந்தால் ஸ்டண்ட் மாஸ்டர் வேலை செய்திருக்கிறார்.