நைட்விங் ஏன் உளவாளி ஆனார்?

பேட்மேனின் பழைய கூட்டாளியும் நைட்விங் என்ற சூப்பர்ஹீரோவாகவும் இருந்த டிக் கிரேசன், டிசி நிறுவனத்தின் 'கிரேசன்' காமிக்ஸில் ஏன் உளவாளியாக வருகிறார் என்று கேட்டிருக்கிறீர்கள்.

இதன் வேர் 'ஃபாரெவர் ஈவில்' என்ற முந்தைய காமிக்ஸ் கதையில் இருக்கிறது. அதில் வில்லன்கள் அவர் முகமூடியைக் கழற்றி, உண்மைப் பெயரை உலகத்துக்கே ஒளிபரப்பிவிடுகிறார்கள். அப்புறம் அவர் இறந்துவிட்டதாகவே எல்லோரும் நம்புகிறார்கள். பேட்மேனுக்கு அது வசதியாகிவிடுகிறது. ஸ்பைரல் என்ற உளவு அமைப்பு சூப்பர்ஹீரோக்களின் ரகசிய அடையாளங்களைச் சேகரித்து வருவதால், அதற்குள் நுழைந்து வேவு பார்க்க டிக்கை அனுப்புகிறார். அங்கே அவர் ஏஜென்ட் 37.

எனக்கு மிகவும் பிடித்தது 'ஹிப்னோஸ்' என்ற கருவி. ஸ்பைரல் ஏஜென்ட்டைப் பார்ப்பவர் மனதில் முகம் பதியாது. மூக்கும் கண்ணும் கலைந்து ஒரு சுழலாகத்தான் நினைவிருக்கும். முகம் அம்பலமானதால் எல்லாவற்றையும் இழந்தவருக்கு இதைவிடப் பொருத்தமான ஆயுதம் கிடையாது!

சர்க்கஸில் வளர்ந்தவர் என்பதால் சண்டையிலும் அந்தரத்தில் பல்டி அடிக்கிறார். ஓவியர் மிகெல் ஹனின் அந்த அசைவுகளை அபாரமாக வரைந்திருக்கிறார். உளவாளிகளுக்கு நடுவே இருந்தும், கொல்ல மாட்டேன் என்ற பிடிவாதத்தை டிக் விடுவதில்லை. கதாசிரியர்கள் டிம் சீலியும் டாம் கிங்கும் இந்த இழுபறியை நன்றாகவே கையாண்டிருக்கிறார்கள்.

2014இல் தொடங்கிய தொடர் 2016இல் 20ஆம் இதழோடு முடிந்தது. அதே ஆண்டு டிக் மறுபடி நைட்விங் ஆனார்.