குடோன்ல ஒரு செட்டிங், வீட்டுல ஒரு செட்டிங்: காக்ளியர் மெஷின் கேள்வி பதில்

காது கேட்காதவர்களுக்கு ஆபரேஷன் செய்து உள்காதில் வைப்பது காக்ளியர் இம்பிளான்ட். கேள்வி கேட்டவர்கள் எல்லாரும் "மெஷின்" என்று சொல்வது, அதற்குச் சத்தத்தைப் பிடித்து அனுப்ப காதுக்குப் பின்னால் மாட்டும் புராசசரைத்தான். அதில் நம் கைக்கு எட்டுவது மூன்று: புரோகிராம் (முன்கூட்டியே பதிந்து கொடுத்த செட்டிங்), வால்யூம், சென்சிட்டிவிட்டி. உள்காதில் இருக்கும் ஒவ்வொரு எலெக்ட்ரோடுக்கும் எவ்வளவு கரண்ட் என்கிற மேப், ஆடியாலஜிஸ்ட் (கேள்வித்திறன் நிபுணர்) வேலை. அதைச் சரிசெய்வதுதான் மேப்பிங். பதிலில் வரும் எண்கள் 'காக்ளியர்' என்ற கம்பெனியின் நியூக்ளியஸ் மெஷினுக்கானவை. மற்ற கம்பெனி வரும் இடத்தில் பெயர் சொல்லியிருக்கிறேன்.

சோமனூருங்க. வயசு 44. விசைத்தறி குடோன் ஓட்டறேன். வீட்ல நல்லாக் கேக்குது. குடோனுக்குள்ள ஆள் பேசறது ஒண்ணுமே புரியறதில்லைங்க. வால்யூமை 10 வரைக்கும் வெச்சுட்டேன், இன்னும் மோசமாத்தான் ஆகுது.

முதல்ல வால்யூமை 6-க்கு இறக்குங்க. வால்யூம் 1 முதல் 10 வரை, வழக்கமா 6-ல் வெச்சுத்தான் கொடுப்பாங்க. சென்சிட்டிவிட்டி 0 முதல் 21 வரை, வழக்கம் 12. மெட்-எல் மெஷின்ல இதே சென்சிட்டிவிட்டி சதவீதத்துல இருக்கும், வழக்கம் 75.

ரெண்டும் ஒண்ணு இல்லைங்க. பெரிய சத்தம் உங்களுக்கு எவ்வளவு பெருசாத் தெரியணும்ங்கறது வால்யூம். மைக் எவ்வளவு தூரத்துச் சத்தத்தையும் வாரிட்டு வரணும்ங்கறது சென்சிட்டிவிட்டி. குடோனுக்குள்ள வால்யூமை ஏத்தினா ஆள் குரலோட தறியும் சேர்ந்துதான் ஏறும்.

மெஷின் வழக்கமான செட்டிங்ல சுமார் 25 டெசிபலிலிருந்து 65 டெசிபல் வரைக்கும் உள்ள சத்தத்தை உங்க கேக்கற எல்லைக்குள்ள பரப்பி வெக்குது. 65-க்கு மேல எது வந்தாலும் அமுக்கி உச்சியிலேயே நிறுத்திடும். தறி ஓடற குடோன் 90-ஐத் தாண்டும். ஆள் கத்திப் பேசினாலும் தறியை மிஞ்சமாட்டார். குரலும் தறியும் ஒரே உச்சியில போய் முட்டிக்கிட்டு நிக்குது, பிரிச்சுக் கேக்க இடமில்லை. இப்படிச் செஞ்சு பாருங்க: சத்தத்துக்கான புரோகிராம், வால்யூம் 6, சென்சிட்டிவிட்டி 12-லிருந்து 10, அப்புறம் 8. ஒவ்வொரு படியிலயும் முன்னால ஒருத்தரை நிறுத்தி 1-லிருந்து 10 வரை எண்ணச் சொல்லுங்க. உங்க குரலே உங்களுக்கு மங்கற இடம் வந்தா ஒரு படி ஏத்திட்டு நிறுத்திடுங்க.

நிக்கற விதமும் முக்கியம். சத்த புரோகிராம் முன்பக்கத்தைப் பிடிச்சுப் பக்கத்தையும் பின்பக்கத்தையும் குறைக்கும். அதனால ஓடற தறி உங்க முதுகுக்குப் பின்னால, பேசறவர் முகத்துக்கு நேரா ரெண்டடிக்குள்ள. நிறையப் பேர் தலைகீழா, தறியைப் பாத்துக்கிட்டே பேச்சுக் கேப்பாங்க. அப்ப மெஷின் தறியைத்தான் கவனமாக் கேக்கும்.

இவ்வளவும் செஞ்சாலும் குடோனுக்குள்ள நீளப் பேச்சு புரியும்னு எதிர்பார்க்காதீங்க. அந்தச் சத்தத்துல நல்ல காதுக்காரங்களே சைகையிலதான் பேசறாங்க. பாவு கணக்கு, கூலி கணக்குன்னா வாசலுக்கு வந்துடுங்க. இன்னொரு காதுல கொஞ்சம் கேள்வி மிச்சமிருந்தா அந்தக் காதுக்கு இயர் பிளக் கட்டாயம். இம்பிளான்ட் காதுக்குப் போற கரண்டுக்கு மேப்பில் உச்ச வரம்பு உண்டு. வெறுங்காதுக்கு அப்படி எதுவும் இல்லை.

பல்லடம் பக்கம் நூல் மில்லுல வேலை. சத்தத்துக்குன்னு கொடுத்த ரெண்டாவது புரோகிராமைப் போட்டா முன்னால நிக்கறவரை விட்டுட்டுப் பின்னால பேசறவங்க கேக்குது. முதல் புரோகிராம்ல இந்தத் தொந்தரவு இல்லைங்க.

இது செட்டிங் கோளாறு இல்லைங்க, பஞ்சு. முன்னால பின்னால பிரிக்கறதுக்கு மெஷின் ரெண்டு மைக்கை வெச்சிருக்கு. ஒரே சத்தம் ரெண்டுக்கும் வந்து சேர்ற நேர வித்தியாசத்தை வெச்சுத்தான் கணக்குப் போடுது. ஒரு மைக் அடைஞ்சா அந்தக் கணக்கு தப்பிடும். முதல் புரோகிராம் எல்லாப் பக்கமும் சமமாக் கேக்கறது, அதனால அடைப்பு அதுல அவ்வளவாத் தெரியறதில்லை.

மெஷினைக் கழட்டி டியூப்லைட் கீழ பிடிங்க. மேல் விளிம்புல மைக் கவர் தெரியும். புதுசுல சுத்தமா இருக்கும். மில்லுக்காரங்க மெஷின்ல சாம்பல் பூத்த மாதிரி நுண்பஞ்சு எண்ணெய்ப்பசையோட ஒட்டியிருக்கும். சாதாரணமா 3 மாசத்துக்கு ஒரு தடவை கவர் மாத்தணும்னு சொல்வாங்க. உங்களுக்கு அந்தக் கணக்கு ஆகாது. வாரம் ஒரு தடவை பாருங்க, நிறம் மாறினா மாத்திடுங்க. ரெண்டு மைக்குக்கும் சேர்த்தே மாத்தணும். ஒண்ணு புதுசு ஒண்ணு பழசுன்னா அதே கோளாறு திரும்பும்.

குண்டூசி விடாதீங்க. முக்கியமா மில் ஏர் கன்ல ஊதாதீங்க. அந்தக் காத்து பஞ்சை உள்ள தள்ளும், மைக்கையும் கிழிச்சுடும். ராத்திரி ஈரம் உறிஞ்சற டிரை பாக்ஸ்ல போட மறக்க வேண்டாம்.

பெருந்துறைங்க. குழந்தைக்கு மெஷினை முதல்முதலா ஸ்விட்ச் ஆன் பண்ணி ஒரு மாசம். நாலு புரோகிராம் இருக்கு. நாலாவதுல போட்டா அழறான். அது சத்தமான இடத்துக்கானதா?

இல்லைங்கம்மா. ஆரம்ப மாசங்கள்ல கொடுக்கற நாலும் பெரும்பாலும் இடத்துக்கு ஏத்தது இல்லை, படிக்கட்டு. ஒண்ணைவிட ரெண்டு கொஞ்சம் அதிகம், நாலு எல்லாத்தையும்விட அதிகம். ஒவ்வொரு படியிலயும் எத்தனை நாள்னு ஆடியாலஜிஸ்ட் எழுதிக் கொடுத்திருப்பாங்க, அதுப்படி ஒவ்வொண்ணா ஏறணும். அழுதா முந்தின படிக்கு இறங்கி, ரெண்டு நாள் கழிச்சு மறுபடி பாருங்க. அப்பவும் அழுதா மேப்பிங் தேதி வரைக்கும் காத்திருக்காம போன் பண்ணுங்க. சீக்கிரம் பேச்சு வரட்டும்னு நேரா நாலுல போட்டா குழந்தை மெஷினையே பிடுங்கி எறியப் பழகிடும். அதை மறக்கடிக்கறதுதான் பெரும்பாடு.

திருப்பூர். பாப்பாவுக்கு 4 வயசு, எல்.கே.ஜி. கிளாஸ்ல 35 குழந்தைங்க. சத்த புரோகிராம்லயே விட்டுடலாமா?

வேண்டாங்க. சின்னக் குழந்தை ஒருத்தர் முகத்தைப் பாத்தே உக்காந்திருக்காது. அக்கம்பக்கத்துப் பிள்ளைங்க பேசறதைக் காதுல வாங்கித்தான் பாதி வார்த்தை கத்துக்குது. முன்பக்கம் மட்டும் பிடிக்கற செட்டிங் அந்தப் பாதியை வெட்டிடும். நியூக்ளியஸ் 6-லிருந்து அமைதி, பேச்சு, சத்தத்துல பேச்சு, வெறும் சத்தம், இசை, காத்துன்னு ஆறு வகையா இடத்தை இனங்கண்டு தானா மாத்திக்கற 'ஸ்கேன்' இருக்கு. குழந்தைக்கு அது போதும். பட்டனை லாக் பண்ணச் சொல்லிடுங்க.

கிளாஸுக்கு உண்மையான தீர்வு டீச்சர் மாட்டிக்கற ரிமோட் மைக். திறந்தவெளியில தூரம் ரெட்டிப்பானா சத்தம் 6 டெசிபல் குறையும். டீச்சர் 4 மீட்டர் தள்ளி நின்னு பேசற குரல், பக்கத்துல இருக்கற பிள்ளை பென்சில் பாக்ஸைத் தட்டற சத்தத்துக்குக் கீழ போயிடும். மைக் டீச்சர் வாயிலிருந்து 15 முதல் 20 சென்டிமீட்டர்ல இருந்தா அந்தத் தூரமே இல்லாமப் போகுது. ஐ.டி. கார்டு கயிறும் தாலிச்செயினும் மைக்ல உரசாம மாட்டச் சொல்லுங்க. உரசினா பாப்பா காதுல கரகரன்னு அதுதான் கேக்கும். டீச்சர் ஸ்டாஃப் ரூம் போறப்ப மைக்கை அமத்தணும், இல்லைன்னா அங்க பேசறதெல்லாம் பாப்பாவுக்கு வந்துடும்.

கல்யாண மண்டபத்துல மேளம் அடிக்கற நேரத்துல மெஷினைக் கழட்டிடறேன். சரியா?

கெட்டிமேளத்துக்குக் கழட்டறது தப்பில்லை. ஆனா சென்சிட்டிவிட்டியை 12-லிருந்து 8-க்கு இறக்கினாலே பலருக்குப் போதும். வால்யூமை இறக்கினா மேளம் குறையும், பக்கத்துல பேசற மாமா குரலும் சேர்ந்து போயிடும். பந்தியில சுவரை முதுகுக்கு வெச்சு உக்காருங்க, பரிமாறுற சத்தம் பின்னாலிருந்து வராது. பேசணும்னு நினைக்கறவரை எதிர் இலையில உக்கார வைங்க. மண்டபம் தகரக்கூரையா இருந்தா எதிரொலியை எந்தப் புரோகிராமும் முழுசா அடக்காது.

உடுமலைங்க. ஆடிக்காத்துல மொபெட் ஓட்டறப்ப காதுல 'ஹோ'ன்னு ஒரே இரைச்சல். சத்த புரோகிராம் போட்டா இன்னும் அதிகமாகுது.

ஆகத்தான் செய்யும். முன்பக்கம் பிடிக்கற செட்டிங்தான் காத்து இரைச்சலை அதிகமாக் காட்டும். மைக் மேல உரசற காத்துச் சுழல் ரெண்டு மைக்குலயும் வேற வேறயா விழறதால மெஷின் அதைக் கழிக்க முடியாது. பாலக்காட்டுக் கணவாய் வழியா அடிக்கற காத்துக்கு எல்லாப் பக்கமும் கேக்கற முதல் புரோகிராமும், காத்துக் குறைப்பு ஆன் பண்ணினதும்தான் சரி. அந்த வசதி மெஷின்ல இருந்தும் பல பேருக்கு ஆன் ஆகாமக் கிடக்கும், மேப்பிங்ல கேளுங்க. ஹெல்மெட் போடறப்ப, தலையில மேக்னட்டால ஒட்டியிருக்கற காயில் நகர்ந்தா சத்தம் மொத்தமா நின்னுடும். அதுக்காக மேக்னட்டை வலுவாக்காதீங்க, தோல் சிவந்து புண்ணாகும். காயில் வர்ற இடத்துல உள் பஞ்சு குழிவா இருக்கற ஹெல்மெட்டாப் பாருங்க.

கோபி பஸ்ல பக்கத்து சீட்டுக்காரர் பேச்சு கேக்கவே மாட்டேங்குது.

அவர் உங்க பக்கத்துல, சத்த புரோகிராம் கேக்கறது முன்னால. முதல் புரோகிராம் போட்டு சென்சிட்டிவிட்டியை 2 இறக்குங்க. வலது காதுல மெஷின்னா இடது வரிசையில ஜன்னலோரம் உக்காருங்க, பேசறவர் வலப்பக்கம் வந்துடுவார். இடது காதுன்னா வலது வரிசை ஜன்னல். என்ஜின்கிட்ட இருக்கற முன் சீட்டை விடுங்க.

ராத்திரி வீடு அமைதியா இருந்தும் ஆத்தா மெல்லப் பேசறது புரியலை. சென்சிட்டிவிட்டி 17 வெச்சா ஃபேன் சத்தம்தான் வருது.

17 அதிகம்ங்க. 14-லேயே நின்னுடுங்க. அதுக்கு மேல ஆத்தாவும் ஃபேனும் சேர்ந்தே ஏறும். ரெண்டு மீட்டர்ல இருக்கற ஆத்தா ஒரு மீட்டருக்கு வந்தா குரல் மட்டும் சுமார் 6 டெசிபல் ஏறும், ஃபேன் அப்படியே இருக்கும். எந்தப் பட்டனும் இதைச் செய்யாது. மெல்லிய சத்தத்தை மட்டும் தூக்கிக் கொடுக்கற 'விஸ்பர்' செட்டிங் சேர்த்து அமைதிக்குன்னு ஒரு புரோகிராம் கேட்டு வாங்கலாம். அதைப் போட்டுக்கிட்டு சந்தைக்குப் போயிடாதீங்க, தலைவலி வரும்.

திடீர்னு பேச்சே கேக்கலை, 'கொர்ர்'னு மட்டும் கேக்குது. மெஷின் போச்சா?

பெரும்பாலும் டெலிகாயிலுக்கு மாறியிருக்கும். பட்டன் தெரியாம அமுங்கினா மைக் நின்னு, சுத்தியுள்ள காந்தப்புலத்தை மட்டும் எடுக்கும். இன்வெர்ட்டர், மோட்டார், டியூப்லைட் சோக் எல்லாமே 50 ஹெர்ட்ஸ்ல உறுமும். புரோகிராமை மாத்துங்க. தீரலைன்னா மட்டும் பேட்டரியும் காயில் கேபிளும்.

பாட்டுக் கேக்க எது நல்லது?

சத்தக் குறைப்பு, முன்பக்கப் பிடிப்பு ரெண்டும் இல்லாத புரோகிராம். நீளமா ஒலிக்கற நாதஸ்வரத்தையும் வயலினையும் சத்தக் குறைப்பு ஃபேன் இரைச்சல்னு நினைச்சு மங்கடிக்கும். அட்வான்ஸ்டு பயோனிக்ஸ் கம்பெனி மெஷின் வெச்சிருக்கறவங்க அதோட சத்தக் குறைப்பான 'கிளியர்வாய்ஸ்' அமத்தி ஒரு புரோகிராம் கேளுங்க. ஒரே வாத்தியத்துல ஆரம்பிங்க.

மேப்பிங் போறப்ப என்ன சொல்றதுன்னே தெரியறதில்லைங்க. "கேக்குதா?"ன்னா "கேக்குது"ன்னு சொல்லிட்டு வந்துடறேன்.

ரெண்டு வாரம் ஒரு துண்டுச் சீட்டுல எழுதுங்க: எந்த இடம், யார் பேசினது, எத்தனை அடி தூரம், எந்தப் புரோகிராம், வால்யூம் எவ்வளவு, சென்சிட்டிவிட்டி எவ்வளவு. "மஞ்சள் மண்டி, ஏலம் கூறுறவர், 10 அடி, புரோகிராம் 2, 6, 10, விலை எண் மட்டும் தப்புது" - இப்படி ஒரு வரி கிடைச்சா ஆடியாலஜிஸ்ட் எங்க கை வெக்கணும்னு தெரியும். தினமும் காலையில ஆ, ஈ, ஊ, ம், ஷ், ஸ் ஆறு ஒலியையும் வாயை மறைச்சுச் சொல்லச் சொல்லுங்க. தப்பறதையும் குறிங்க. 'ஸ்' மட்டும் தப்பினா ஒரு விஷயம், 'ஊ', 'ம்' தப்பினா வேற விஷயம்.

எல்லா இடத்துலயும் வால்யூம் 8-ல தான் ஓடுதுன்னா அதை முதல்ல சொல்லுங்க. வால்யூமால மேப்பைத் திருத்திக்கிட்டு இருக்கீங்கன்னு அர்த்தம். நியூக்ளியஸ் 6-லிருந்து வந்த மெஷின்ல எந்த இடத்துல எத்தனை மணி நேரம்னு மெஷினே எழுதி வெச்சிருக்கும், அதைத் திறந்து காட்டச் சொல்லுங்க. கிளம்பறதுக்கு முன்னால பழைய மேப்பை நாலாவது புரோகிராம்ல விட்டுவைக்கச் சொல்லுங்க. புதுசு ஒத்துவராட்டி, மறுபடி கோயமுத்தூருக்குப் பஸ் ஏறற வரைக்கும் அதுல ஓட்டிக்கலாம்.