குழம்பு எலும்பு, யாக் பால்கட்டி, கருவாடு: நாய்க்கு எதைக் கடிக்கக் கொடுக்கலாம்?

கேள்வி: எங்கள் லாப்ரடாருக்கு மூன்று வயது, 30 கிலோ எடை. ஞாயிறுதோறும் மட்டன் குழம்பில் வெந்த நல்லி எலும்பைப் போடுவோம். கால்நடை மருத்துவர் கூடவே கூடாது என்கிறார். வேறு என்னதான் கொடுப்பது? (வாசகி, மதுரை)

பதில்: மருத்துவர் சொன்னதைக் கேளுங்கள். வெந்த எலும்பு ஈரப்பசை போய் மொறமொறப்பாகிவிடும். கடித்தால் கூரான சில்லுகளாகப் பிளந்து தொண்டையையும் குடலையும் கிழிக்கும். குழம்பிலுள்ள வெங்காயமும் பூண்டும் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடியவை. வளையமாக வெட்டிய நல்லி எலும்பில் இன்னொரு ஆபத்தும் உண்டு. மஜ்ஜையை நக்கும்போது அது கீழ்த்தாடையில் நழுவி ஏறி, கோரைப்பல்லுக்குப் பின்னால் சிக்கிக்கொள்ளும். பிறகு மயக்க மருந்து கொடுத்து எலும்பை அறுத்துத்தான் எடுக்க வேண்டும்.

பச்சை எலும்பு வெந்ததைப் போலச் சிதறாது என்பது உண்மை. ஆனால் பல்லுக்கு அதுவும் கல்தான். மேல்தாடையில் இரு பக்கமும் உள்ள பெரிய நான்காவது முன்கடைவாய்ப்பல்தான் முதலில் உடையும். பட்டையாகப் பெயர்ந்து உள்ளே இருக்கும் கூழ் வெளியே தெரியும், வேரில் சீழ் பிடிக்கும். கண்ணுக்குக் கீழே வீங்கும்போது பலர் அதைக் கண் நோய் என்றே நினைத்துவிடுகிறார்கள். போதாததற்கு, பச்சை எலும்பில் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம். சின்னக் குழந்தைகள் தவழும் வீட்டில் அது தரையில் கிடக்கக் கூடாது.

எதை வாங்கினாலும் கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். நகம் பதிய வேண்டும். பதியாவிட்டால், பொட்டலத்தில் 'இயற்கை' என்று எத்தனை பெரிதாக அச்சிட்டிருந்தாலும் வேண்டாம். மாட்டுக் குளம்பு, கொம்பு எல்லாம் இந்தச் சோதனையிலேயே அடிபட்டுப்போகும். மான் கொம்பும் அப்படித்தான். நம் காட்டு மான்களின் கொம்பை விற்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமும்கூட. முடிச்சுப் போட்ட வெள்ளைத் தோல் எலும்பின் சிக்கல் வேறு மாதிரி: எச்சிலில் ஊறிய துண்டை நாய் அப்படியே விழுங்கிவிடும், அது வயிற்றில் மேலும் உப்பி அடைக்கும்.

உங்கள் நாய்க்குத் தடித்த முழு கேரட்டைப் பச்சையாக, ஃபிரிட்ஜில் குளிரவைத்துக் கொடுங்கள். சிறிய நாயாக இருந்தால் நீளவாக்கில் கீற வேண்டும். வட்ட வில்லைகளாக நறுக்கினால் தொண்டையில் மூடிபோல உட்கார்ந்துவிடும்.

சக்கரவள்ளிக்கிழங்கு இன்னும் நல்லது. தோலோடு கழுவி, நீளவாக்கில் ஒரு சென்டிமீட்டர் தடிமனில் வெட்டுங்கள். 120 டிகிரி செல்சியஸ் அவனில் சுமார் மூன்று மணி நேரம், பாதியில் ஒருமுறை திருப்பிப் போட்டு உலர்த்துங்கள். வளைத்தால் செருப்புத் தோல்போல வளைய வேண்டும். மெலிதாக வெட்டினால் அப்பளமாகிவிடும், கடிக்க ஒன்றும் இருக்காது. மழைக்காலத்தில் மாடியில் காயவைக்காதீர்கள், நடுவில் ஈரம் நின்று பூஞ்சை பிடிக்கும். ஃபிரிட்ஜில் வைத்து ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். அளவும் முக்கியம். 30 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1,400 கலோரி போதும், தின்பண்டம் அதில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. பச்சையாக 150 கிராம் எடையுள்ள கிழங்கிலேயே அந்தக் கணக்கு முடிந்துவிடும்.

கேள்வி: இமயமலை யாக் பால்கட்டி பாதுகாப்பானதா? (வாசகர், கோவை)

பதில்: பாலைத் திரித்து, அழுத்தி, வாரக்கணக்கில் உலர்த்திச் செய்யும் பொருள் அது. உள்ளே கெடுதல் எதுவும் இல்லை. கடினம்தான் பிரச்சினை, நகம் பதியாது. பொறுமையாக நக்கிச் சுரண்டும் நாய்க்கு மட்டும் விதிவிலக்காக, பார்வையில் வைத்துக் கொடுக்கலாம். கடைவாய்ப்பல்லில் வைத்து நொறுக்கும் நாய்க்குக் கொடுக்கவே கூடாது. வாயைவிடச் சிறிதாகத் தேய்ந்ததும் பிடுங்கிவிடுங்கள். அந்தத் துண்டைச் சிறிது நேரம் நீரில் ஊறவைத்து மைக்ரோவேவில் ஒரு நிமிடம் வைத்தால் பொரிபோல உப்பி மென்மையாகும். மேலே ஆறினாலும் உள்ளே நெருப்பாகச் சுடும், முழுக்க ஆறவிட்டுக் கொடுங்கள்.

கேள்வி: நான்கு மாத ராஜபாளையம் குட்டி கதவு, செருப்பு எல்லாவற்றையும் கடிக்கிறது. கருவாட்டுத் தலை, மாங்கொட்டை கொடுக்கலாமா? (வாசகர், விருதுநகர்)

பதில்: இரண்டும் வேண்டாம். கருவாட்டில் உப்பு மிக அதிகம், ஊறவைத்தாலும் முழுதாகப் போகாது. குட்டியின் 28 பால்பற்களும் விழுந்து 42 நிரந்தரப் பற்கள் முளைக்க ஏழு மாதம் வரை ஆகும். அதுவரை ஈறு தினவெடுக்கும். பழைய துண்டை நனைத்து முறுக்கி, ஃப்ரீசரில் உறையவைத்துக் கொடுங்கள். நூல் பிரிந்தால் உடனே வாங்கிவிட வேண்டும்.

மாங்கொட்டையையும் மக்காச்சோளத் தக்கையையும் குட்டி விழுங்கினால் குடலில் அடைத்துக்கொள்ளும். சில சமயம் நாட்கள் கழித்துத்தான் தெரியவரும். திரும்பத் திரும்ப வாந்தி, சாப்பிட மறுப்பது, வயிற்றைத் தொட்டால் முனகுவது, முக்கியும் மலம் வராதது ஆகியவை கண்டால் காத்திருக்காதீர்கள். உப்புக் கரைசல் கொடுத்து வாந்தி எடுக்கவைக்கவும் கூடாது. எதை விழுங்கியது என்பதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். இவ்விரண்டும் எக்ஸ்ரேயில் பல நேரம் தெளிவாகத் தெரியாது, நீங்கள் சொன்னால்தான் அவர் ஸ்கேன் எடுத்துத் தேடுவார்.